கதிரைக்குப் போட்ட பிழை

1

வருகிற வெள்ளிக்கிழமையோடு எனக்கு வாய் நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது. நின்றது மூன்று மணித்தியாலம்தான். அதற்குப் போய் ஆண்டு நினைவு எழுத வெளிக்கிட்டுவிட்டாள் என்று யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து இதை வாசிக்கப்போகிற என் தங்கை வதனி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு நாளும் எனக்குப் பயமில்லாமல் விடிந்ததில்லை.

என் காலை இப்படித் தொடங்கும். விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டேன். முதலில் மலாயில் ஒன்றிலிருந்து பத்துவரை மனதுக்குள் எண்ணுவேன். சத்து, டுவா, தீகா. அது ஒழுங்காக வந்தால் ஆங்கிலத்தில் பன்னிரண்டு மாதங்கள். கடைசியில் தமிழில் கிழமை நாட்கள். மூன்று பெட்டியையும் திறந்து பார்த்து, ஒன்றும் களவு போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவேன். ஒருநாள் வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் கொஞ்சம் தடக்குப்பட்டது. அன்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் இந்தக் கெடா மாநிலத்துக்குக் கலியாணம் கட்டி வந்து இருபத்தேழு வருடம். என் கணவர் குணாவின் ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் தமிழ் சுவாமி அறையோடு நின்றுவிட்டது. மற்ற அறைகளில் எல்லாம் ஆங்கிலம்தான். குணாவுக்குத் தமிழ் விளங்கும், திருப்பிப் பேச வராது. எங்களுக்கு ஒரே மகள், அபிராமி. இருபத்துநான்கு வயது. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. போன வருடம்வரை அவளிடமிருந்த தமிழ் முழுவதையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம். என்னைக்கூட மம்மி என்றுதான் கூப்பிடுவாள்.

2

அது நடந்தது காலைச் சந்தையில். மலாயில் பாசார் என்பார்கள், இப்போது எனக்கும் அப்படித்தான் வருகிறது. வழக்கமான மீன்காரரிடம் கெம்போங் மீன் கேட்க வாயைத் திறந்தேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. மீனைக் கையால் காட்டலாம் என்று பார்த்தால் கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்த மனிதர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பிடித்தது நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் திரும்பி வந்தது தமிழ். ஒரு மணித்தியாலம் போனபிறகு திடீரென்று வந்தது, குழாயில் தண்ணீர் வருகிறமாதிரி. ஆனால் தமிழ் மட்டும்தான். அபி வேலையிலிருந்து ஓடிவந்து என் தலைமாட்டில் நின்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். குரல் அவளுடையது, முகம் அவளுடையது, வாயிலிருந்து வருகிற சொற்கள் மட்டும் பக்கத்து வீட்டு வானொலிபோல. ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் பெற்ற பிள்ளை என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

“பிள்ளை, என்ரை வலக்கை விறைச்சுக் கிடக்கு. டொக்டரிட்டைச் சொல்லு,” என்றேன்.

அபி என் வாயையே பார்த்தாள். நான் திரும்பச் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். குணா அன்றைக்கென்று பார்த்து அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார். எனக்குச் சாகப்போகிறேன் என்ற பயம் அப்போது இல்லை. என் பிள்ளைக்கு ஒரு வசனம் சொல்ல முடியாமல் சாகப்போகிறேன் என்பதுதான் பயம்.

அந்த நேரம் எதிர்க் கட்டிலில் படுத்திருந்த வயதான சீன அம்மாவின் மகள் எழும்பி வந்தாள். முப்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய தலைமயிர், காலில் ரப்பர்ச் செருப்பு.

“தங்கச்சி, அழாத. ஆன்ட்டிக்குச் சோத்துக் கை மரத்துப் போச்சாம். டாக்டர்கிட்டச் சொல்லச் சொல்றாங்க,” என்றாள். அபி அதையும் விளங்காமல் முழித்தாள். பிறகு அவள் அதையே மலாயில் அபிக்கும் தாதிக்கும் சொன்னாள். என்னிடம் திரும்பி, “ஆன்ட்டி, பயப்படாதீங்க லா. நான் இங்கதான் இருக்கேன். எது வேணும்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க,” என்றாள்.

அவள் பெயர் லிங். கரங்கானுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவளுடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தாராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். இப்போது திகாம் பத்துவில் டோபிக்கடை நடத்துகிறாள், துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற கடை.

அடுத்த இரண்டு மணித்தியாலம் நான் என் மகளோடு ஒரு சீனப் பெண் வழியாகக் கதைத்தேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் மொழிபெயர்ப்பவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. தாதி அதில் லிங்கின் பெயரை எழுதினாள். நோயாளிக்கு என்ன உறவு என்ற அடுத்த கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘எதிர்க் கட்டில்’ என்று எழுதினாள். மத்தியானம் ஆங்கிலமும் மலாயும் திரும்பி வந்தபோது நான் முதலில் வாசித்தது அதைத்தான்.

மூளைக்குப் போகிற குழாயில் சின்ன அடைப்பு, தானாக விலகிவிட்டது என்றார் டாக்டர். திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். வந்தால் எது போகும் எது மிஞ்சும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மிஞ்சப்போவது தமிழ்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி மிஞ்சினால் என் வீட்டில் நான் யாரோடு கதைப்பேன்?

3

ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கேட்பீர்கள். நீ அங்கே போயும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லையா? கெடாவில் தமிழுக்கு என்ன பஞ்சம்?

பஞ்சம் இல்லை. அதுதான் வெட்கம். அபி சின்னவளாக இருந்தபோது நாங்கள் திகாம் பத்துவில் குடியிருந்தோம். சுற்றிவரத் தோட்டங்களை விட்டு வெளியேறி வந்த தமிழ்க் குடும்பங்கள். அபி நாள் முழுக்க அந்தப் பிள்ளைகளோடுதான் திரிவாள். நாலு வயதில் அவள் தமிழ் கதைத்த கதையைக் கேட்டால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அது தோட்டத்துத் தமிழ். எனக்கோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் என்ற தலைக்கனம். இங்கே கோயிலில், கலியாண வீட்டில், “டீச்சரம்மா பேசுற தமிழ்தான் சுத்தத் தமிழ்” என்று சனம் சொல்லும். நான் டீச்சரே இல்லை. ஊரில் கூட்டுறவுக் கடையில் வேலைசெய்தவள். அதை நான் திருத்தவில்லை. மற்றதையெல்லாம் திருத்தினேன்.

அபிக்கு ஐந்து வயது. விளையாடிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று, “அம்மா, பசிக்குது லா. சோறு போடு லா,” என்றாள். இந்த ‘லா’ இங்கே எல்லோரும் வசனத்துக்கு வால்போல ஒட்டுவது. அன்று வீட்டில் குணாவின் அக்காமார் வந்திருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது என் கண்ணில் பட்டுவிட்டது.

“உந்தக் கதை கதைக்கிறதெண்டால் என்னோடை கதைக்காதை. சரியாக் கதைக்கத் தெரிஞ்சாப் பிறகு வந்து கதை,” என்றேன்.

பிள்ளை கொஞ்ச நாள் முயன்று பார்த்தாள். ஒரு சொல் சொல்வாள், உடனே என் முகத்தைப் பார்ப்பாள், சரியா பிழையா என்று. என் முகம் என்ன கோலத்தில் இருந்ததோ, பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். ஆங்கிலத்துக்குப் போனாள். அத்தைமாருக்குப் பெருமை. நான் சொன்னதை அவள் அப்படியே கேட்டிருக்கிறாள் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சரியாகக் கதைக்கத் தெரியும்வரை காத்திருந்தாள், பதினெட்டு வருடம்.

எனக்கு இங்கே யாரும் அப்படிச் செய்யவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கையில் இருப்பது நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அட்டைதான். குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஒருமுறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மலாயில் பேசிக் காட்ட வேண்டும். என் மலாய் பாசாரில் பொறுக்கியது. வசனத்தின் நடுவில் நான் இரண்டு தரம் வழி தவறினேன். முக்காடு போட்டிருந்த அந்த அதிகாரி, வயதில் அபியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், நான் எப்படியாவது வீடு வந்து சேருவேன் என்று பொறுத்திருந்தாள். முடித்ததும், “போலே லா, புவான்,” என்றாள். நல்லாத்தான் இருக்கு அம்மா, சமாளிக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளியே வந்து வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று குணா நினைத்தார்.

4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த சனிக்கிழமை, அபி வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் உருவிக் கட்டிக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனாள். லிங்கின் கடையில் வெளுக்கக் கொடுக்க. வீட்டில் சலவை இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டு விரிப்புகள் ஊர்வலம் போய் வந்தன.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, சாப்பாட்டு மேசையில், “அம்மா, மாத்திர சாப்ட்டாச்சா?” என்றாள்.

மம்மி இல்லை, அம்மா. கண் நிறைந்துவிட்டது. அதே நேரம் ‘மாத்திரை சாப்பிடுறதில்லை பிள்ளை, போடுறது’ என்று சொல்ல நாக்குத் துருதுருத்தது. இந்த நாக்கை என்ன செய்வது? மேசைக்கடியில் குணா என் காலை மிதித்தார். அன்றிலிருந்து அபி தமிழில் தொடங்கினால் நான் வாயில் ஒரு கராம்பைப் போட்டுக் கடித்துக்கொள்வேன். கராம்பு காரமானது, வாய் சும்மா இருக்கும். ஒரு போத்தல் கராம்பு இரண்டு கிழமையில் முடிந்தது.

ஒரு சொல் சொல்வாள், உடனே என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் மட்டும் ஐந்து வயதில் விட்ட இடத்திலேயே இருந்தது. நான் கராம்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் வதனி படத்தோடு பேசுகிற அழைப்பில் வந்தாள். அபி ஆசையாகப் போனை வாங்கி, “சின்னம்மா, எப்டி இருக்கீங்க? சொகமா லா?” என்றாள். வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா, உவள் ஆரிட்டைப் பழகினவள்? சீனத்தியிட்டையோ? ஐயோ, இன்னொருக்காச் சொல்லு பிள்ளை!”

வதனி கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் அபிக்கு அது விளங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்னர் என்றால் விளங்கியிருக்காது. போனை என் கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஒன்பது நாள் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. இந்த ஒன்பது நாளுக்குள் எனக்கு அது திரும்ப வந்தால் என்ன செய்வேன் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வதனிக்குப் போன் பண்ணி நாக்கைப் பிடுங்குகிறமாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன். அவள் ஒருதரம் சிரித்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் லிங் தானே விரிப்புகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டாள்.

“என்னா அபி, கோவமா? சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க லா. நான் பேசறதக் கேட்டு எத்தன பேரு சிரிச்சிருக்காங்க தெரியுமா? சைனீஸ் பொண்ணு தமிழ் பேசுதுன்னு பொம்ம மாதிரி நிக்க வச்சுப் பேசச் சொல்வாங்க. சிரிச்சவங்க வந்து நாள பின்ன உங்கம்மாகிட்டப் பேசுவாங்களா? நீதான பேசணும்.”

அபி விரிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள்.

5

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணை எல்லோரும் சிக் நூர் என்று கூப்பிடுவார்கள். மெல்லிய குரலில் பேசுகிற மலாய்ப் பிள்ளை. அவளிடம் இருபது படங்கள் இருந்தன. ஒவ்வொரு படமாகக் காட்டுவாள், நான் பெயர் சொல்ல வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அவளே கேட்டுக் குறித்துக்கொண்டாள். தமிழ் அவளுக்குத் தெரியாது. அதனால் அபி எனக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் சொல்வதை ஆங்கில எழுத்தில் எழுதி, சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்று போட வேண்டும். படிவத்தில் மொழிபெயர்ப்பவர் என்ற கட்டத்தில் அபி தன் பெயரையும், அடுத்த கட்டத்தில் ‘மகள்’ என்றும் எழுதினாள்.

நான் தமிழில் இருபது படத்தையும் மடமடவென்று சொன்னேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை. தமிழ் அல்லவா, எனக்கென்ன என்று ஒரு மிதப்பு.

மலாய், இருபதுக்குப் பத்தொன்பது. ஆங்கிலம், பதினெட்டு. தமிழ், பதின்மூன்று.

சிக் நூர் தாளை இரண்டு தரம் பார்த்தாள். “தாய்மொழிதான் கடைசியாகப் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, புவான். சிலருக்கு அது முதலில் போகும். ஏன் என்று எங்களாலும் சொல்ல முடிவதில்லை. அடுத்த மாதம் திரும்பப் பார்ப்போம்,” என்றாள்.

ஏழு பிழை. பிழை விட்டால்கூடப் பரவாயில்லை, பிழை விட்டது எனக்குத் தெரியவில்லையே. எல்லாம் சரியாகச் சொன்னேன் என்றுதான் இப்போதும் நினைவு. அப்படியானால் இத்தனை நாளும் நான் என்ன கதைத்துக்கொண்டிருந்தேன்? நான் அரிசி என்று சொன்னபோது என் வாயிலிருந்து என்ன வந்தது? இவர்கள் எல்லோரும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்களா?

அந்தத் தாளைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. அபியும் காட்டவில்லை. பைக்குள் மடித்து வைத்துவிட்டாள். நாலு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. குணா மட்டும் என் பக்கத்தில் வந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்த நாலு நாளும் காலையில் மூன்று பெட்டியையும் நான் திறந்து பார்க்கவில்லை. திறக்கப் பயம்.

6

சனிக்கிழமை பின்னேரம் அபி திகாம் பத்துவிலிருந்து வந்த வேகத்தில் காரின் கதவைச் சாத்தவும் மறந்துவிட்டாள். கையில் அந்தத் தாள்.

“அம்மா, நாக்காலிப் படத்துக்கு நீங்க என்னா சொன்னீங்க?”

“கதிரை எண்டு சொன்னனான்.”

“நான் தப்பு போட்டேன்!” என்றாள். “சாவிக்கு?”

“திறப்பு.”

“தப்பு போட்டேன். ரொட்டிக்கு?”

“பாண்.”

“தப்பு போட்டேன்மா. பப்பாளிக்குப் பப்பாசின்னு சொன்னீங்க, தப்பு. தொடப்பத்துக்குத் தும்புத்தடி, தப்பு. தவளைக்குத் தவக்கை, தப்பு. எல்லாத்துக்கும் தப்பு போட்டேன். அழுதுகிட்டே லிங் அக்காகிட்டக் காட்டினா அவங்க சிரிக்கிறாங்க! ‘ஏய் மடச்சி, இது சிலோன்காரங்க பேச்சு லா. எங்க எஸ்டேட்டு கிராணி வூட்டுல இப்டித்தான் பேசுவாங்க. அந்த வூட்டு அம்மா கதிரைல ஒக்காருன்னுதான் எனக்குச் சொல்லும்’னு சொல்றாங்க.”

கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் அந்த வேலையில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். எவரோ ஒரு கிராணி வீட்டில் ஒரு சீனக் குழந்தையை மரியாதையாகக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். நான் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. அது என் வாயில்தான் இருந்தது. வதனியோடு போனில் கதைத்தபோது அவள் காதில் விழுந்தும் இருக்கும். ஆனால் அவளுக்கென்று நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. தோட்டத்துச் சொல்லை அவளிடமிருந்து பறித்தேன், என் சொல்லையும் கொடுக்கவில்லை. ஆறு பிழை போட்டவள் அவள்தான், பிழை விட்டவள் நான்.

அபி பேனையை எடுத்து ஒவ்வொரு தப்பாக வெட்டிச் சரி போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது.

“கடைசியா பாயோங்,” என்றாள். மழைக்குப் பிடிக்கிற சாமானுக்கு மலாயில் அப்படிச் சொல்வார்கள். “அதுக்கு நீங்க ‘சுளகு’ன்னு சொல்லியிருக்கீங்க. இது லிங் அக்காவுக்கும் தெரியல. இதுவும் உங்க ஊருப் பேச்சுதான?”

சுளகு என்பது அரிசி புடைக்கிற சாமான் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மழைக்குப் பிடிக்கிற அந்தக் கறுத்த சாமானைப் பார்த்து, கொஞ்சமும் தடக்காமல் சுளகு என்று சொல்லியிருக்கிறேன். சரியான சொல்லைத் தேடினேன். மலாய்ச் சொல் வந்தது. ஆங்கிலச் சொல் வந்தது. தமிழ்ச் சொல் இருந்த இடம் வழித்துத் துடைத்தமாதிரிக் கிடந்தது. அபி பேனையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்,” என்றேன்.

அவள் அதற்கும் சரி போட்டாள். இருபதுக்கு இருபது. ஓடிப்போய்க் குணாவிடம் காட்டினாள். இந்தக் கெடா மாநிலத்தில் என் தமிழைப் பிழை பிடிக்க ஒருவரும் இல்லை என்று இருபத்தேழு வருடமாகப் பெருமைப்பட்டவள் நான். அன்றைக்கு முதன்முதலாக அதை நினைத்து எனக்குப் பயம் வந்தது.

7

போன செவ்வாய்க்கிழமை திரும்பப் போனோம். அபி திருத்திய தாளை நீட்டி, நடந்ததை மலாயில் சொன்னாள். சிக் நூர் வாய்விட்டுச் சிரித்தாள். “அப்படியென்றால் இன்னொருமுறை சோதிக்கத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள்,” என்று பதிவில் இருபது என்று எழுதிக்கொண்டாள். நான் பேசாமல் இருந்தேன். நடுவில் வந்த பத்து நாளும் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். போனில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும். தட்டவில்லை. தட்டிப் பார்த்து எடுத்தால் அது என்னிடம் இல்லை என்று ஆகிவிடுமே.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்து காரில் ஏறினோம். வழியில் திகாம் பத்துவில் லிங்கைப் பார்த்து நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போவதாக ஏற்பாடு. அபி மருந்துப் பையை உள்ளேயே மறந்து வைத்துவிட்டாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கெடாவின் பின்னேர மழை, முன்னால் நிற்கிற கார்கூடத் தெரியவில்லை.

“அம்மா, பின்னால சுளகு இருக்கு. எடுங்க லா,” என்றாள் அபி.

நான் அசையவில்லை.

“சுளகுமா. கறுப்புச் சுளகு.” பெருமையாகச் சிரித்தாள். “லிங் அக்காவுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். இப்ப அவங்களும் சுளகுன்னுதான் சொல்றாங்க.” சொல்லிவிட்டு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள்.

ஐந்து வயதில் அவள் சரியாகச் சொன்னவற்றை எல்லாம் பிழை என்றேன். இருபத்துநான்கு வயதில் ஒரு பிழையைச் சரி என்று கொடுத்திருக்கிறேன். அவள் அதை நாளைக்குத் தன் பிள்ளைக்கும் கொடுப்பாள், அம்மாவின் சொல் என்று சொல்லி.

“இல்லைப் பிள்ளை. அது சுளகு இல்லை,” என்றேன். “சுளகு எண்டால் வேறை சாமான். நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். பிறகு உனக்குப் பொய்யும் சொன்னனான்.”

“அப்ப இதுக்கு என்னா?”

வாயைத் திறந்தேன். பாசாரில் மீன்காரருக்கு முன்னால் திறந்த அதே வாய். மழை காரின் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாமான் பின் இருக்கையில் கிடந்தது, என்னால் தொட முடியும், பெயர் சொல்ல முடியவில்லை. “எனக்கு வருகுதில்லை பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றேன்.

அபியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது என்று கண்டேன். என் கையைப் பிடித்தாள்.

“குடை,” என்றாள். “குடைமா. சொல்லுங்க.”

“குடை.”

“இன்னொரு தடவ.”

“குடை.”

அவள் சொல்லித்தந்த மாதிரியே சொன்னேன். என்னுடைய சொல்லாக அது வரவில்லை. புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்கிறமாதிரித்தான் இருந்தது.

அபி குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நனைந்து நனைந்து திரும்ப உள்ளே போனோம். சிக் நூர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அபி அவளுடைய மேசையில் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, கடைசிச் சரியை வெட்டித் தப்பு என்று போட்டாள்.

“உனக்கு நிச்சயமா?” என்று சிக் நூர் மலாயில் கேட்டாள். “இதுவும் அம்மாவின் ஊர்ப் பேச்சாக இருக்காதா? அவர்தானே பிறந்ததிலிருந்து பேசுகிறவர்.”

“நிச்சயம்,” என்றாள் அபி. “என் அம்மா சொன்னது தப்பு.”

இந்த முறை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.